இது பெருந்தீனியா, வருத்தமா?

கோண்டாவில் பிள்ளை எழுதியது:

எனக்கு 38 வயது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் அம்மாவும் நானும்தான். என்னைத் தெரிந்த ஒருவரிடமும் இதைச் சொல்ல ஏலாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை அப்படியே சொல்கிறேன். காலையில் சீனி போடாத பிளேன்ரீ மட்டும். மத்தியானம் ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் வெள்ளரிக்காய். பக்கத்து மேசை அக்கா தன் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே, "உமக்கு நல்ல மனக்கட்டுப்பாடு" என்றா. எனக்குள் பெருமையாக இருந்தது. ஐந்து மணிக்கு ஸ்கூட்டியில் வரும்போது திருநெல்வேலியில் ஒரு பேக்கரியில் ஆறு மீன் ரோல்ஸ் வாங்கினேன். "வீட்டில் ஆக்கள் வந்திருக்கினம்" என்று கடைப் பெடியனிடம் சொன்னேன். அவன் கேட்கவே இல்லை. வீட்டில் ஒருவரும் வந்திருக்கவும் இல்லை. அம்மா மச்சமே தொடமாட்டா.

அம்மா எட்டரைக்குப் படுத்துவிடுவா. அவவின் அறை லைற் அணைந்த பிறகுதான் பையைத் திறந்தேன். ஆறு ரோல்ஸும் முடியப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, நின்ற நிலையில். பிறகு சட்டியில் மிஞ்சிக் கிடந்த புட்டு. பிரிட்ஜில் இருந்த கத்தரிக்காய்க் குழம்பு, சூடு காட்டாமல். தேங்காய்ப்பால் உறைந்து மேலே வெள்ளையாக நின்றது, அதோடு சேர்த்து அள்ளினேன். அப்புறம் ஒரு பக்கற் மாரி பிஸ்கற். கடைசியாக லண்டன் மாமி கொண்டுவந்து தந்த சொக்லேட் பெட்டி. குசினி லைற் போடவில்லை. பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் எல்லாம் நடந்தது. பசி இல்லை. பாதியிலேயே வயிறு நொந்தது. ருசிகூடத் தெரியவில்லை. "காணும், காணும்" என்று மனம் சொல்லிக்கொண்டிருக்க, கை தன்பாட்டில் வாய்க்குப் போய் வந்தது. சொக்லேட் தாள்களைப் பழைய பேப்பரில் சுற்றி, ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே வைத்து, மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் எறிந்தேன். களவெடுத்தவள் மாதிரி.

வாந்தி எடுப்பதில்லை. பேதி மருந்தும் குடிப்பதில்லை. மறுநாள் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவேன், அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு மூன்று இரவு இப்படி. அப்பா மோசம் போய் எட்டு மாதம். அதற்குப் பிறகு கூடிவிட்டது. ஆனால் தொடக்கம் அதுவல்ல, ஏஎல் படிக்கும்போதே இருந்தது. ஒரு கலியாண வீட்டில் பெரியம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து, "இவளுக்குச் சீலை கட்ட இரண்டு சீலை வேணும்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தரம் இரவுச் சாப்பாட்டை விட்டேன்.

அதற்கும் முந்தி, 95 இடப்பெயர்வின்போது எனக்கு ஒன்பது வயது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஏழு குடும்பங்கள். அம்மம்மா பிஸ்கற் எண்ணித் தருவா, ஆளுக்கு இரண்டு. ஒரு நாள் தம்பி நித்திரையாய்க் கிடக்க அவனுடைய இரண்டையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டேன். அவன் அதை இன்றைக்கும் அறியான். அதுதான் வேரா?

போன வருஷம் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். தைரொயிட் சரி, சுகர் கரையில் நிற்கிறது என்றார். "வாயைக் கட்டும் பிள்ளை" என்று ஒரு டயற் தாளையும் தந்தார். அந்தத் தாளில் உள்ளபடி பகலில் நடக்கிறேன். இரவு இப்படி ஆகிறது.

இதற்குப் பெயர் இருக்கிறதா? இரத்தத்தில் தெரியுமா? யாரிடம் போய் என்னவென்று தொடங்குவது?

செல்லம் அன்ரி எழுதியது:

பிள்ளை, கோவிக்க வேண்டாம். எங்கட காலத்தில் இதற்கெல்லாம் பேர் வைக்கவில்லை. நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் நான் ஒரு நேரம்தான். மனம் ஒருநிலைப்பட்டால் வாய் தன்பாட்டில் அடங்கும். கந்தசஷ்டி வருகுது, ஆறு நாளும் பிடித்துப் பாரும். வீட்டில் இந்த ரோல்ஸ், பிஸ்கற் ஒன்றையும் வைக்காதேயும்.

பழைய நேர்ஸ் எழுதியது:

அன்ரியின் விரதத்தை நான் குறை சொல்லவில்லை, பிடிக்க முடிந்தவர் பிடிக்கட்டும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறேன்.

நான் டொக்டர் இல்லை. 26 வருஷம் நேர்ஸாக இருந்தேன், அதில் பாதி மனநலக் கிளினிக்கில். எனவே உமக்கு இன்னதுதான் என்று நான் முடிவு சொல்லமாட்டேன். டொக்டர் எப்படி முடிவெடுப்பார் என்று சொல்வேன். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

பெயர் இருக்கிறது. பிஞ்ச் ஈட்டிங் டிஸோடர். தமிழில் சொன்னால், கட்டுப்பாடு கைவிட்டுப்போய் அளவுமீறி உண்ணும் வருத்தம். ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1959இலேயே இதைக் கவனித்து எழுதினார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூலில் 1994இல்கூட "இன்னும் ஆராய வேண்டியவை" என்று பின்னிணைப்பில்தான் கிடந்தது. 2013இல்தான் தனி வருத்தமாக ஏற்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியல் 2022 தை மாதம் நடைமுறைக்கு வந்தது, அதிலும் இது இருக்கிறது. உமது டொக்டர் படித்த காலத்துப் புத்தகத்தில் இது ஒரு ஓரத்தில் இருந்திருக்கலாம். அதனால் அவர் சொன்னது சரியாகிவிடாது, ஆனால் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்குகிறது.

இப்போது உமது செவ்வாய்க்கிழமையை எடுப்போம். டொக்டர் முதலில் தேடுவது இரண்டு விஷயம். குறுகிய நேரத்துக்குள், இரண்டு மணித்தியாலம் என்று வையுமேன், அதே சூழலில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிடத் தெளிவாகக் கூடச் சாப்பிட்டீரா? சாப்பிடும்போது நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு இருந்ததா? "அதே சூழலில்" என்பது முக்கியம். சந்நிதி அன்னதானத்தில் மூன்று தரம் சோறு வாங்குகிறவர் வருத்தக்காரர் இல்லை, அங்கே எல்லாரும் அப்படித்தான். வருஷப்பிறப்பன்று பலகாரத் தட்டை முடிக்கிறவரும் இல்லை. நீர் "காணும் காணும் என்று மனம் சொல்ல, கை போய் வந்தது" என்று எழுதினீரே, நான் கிளினிக்கில் நின்றிருந்தால் துண்டில் முதலாவதாக அதைத்தான் குறித்திருப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் அளவைவிட அந்தக் கட்டுப்பாட்டு இழப்புக்கே கூட இடம் கொடுக்கிறது.

அடுத்து ஐந்து அடையாளங்கள் பார்ப்பார், அவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிடுவது: பத்து நிமிஷத்தில் ஆறு ரோல்ஸ். வயிறு நோகும்வரை சாப்பிடுவது: எழுதியிருக்கிறீர். பசியில்லாமலே நிறையச் சாப்பிடுவது: அதுவும். வெட்கத்தால் தனியே சாப்பிடுவது: பிரிட்ஜ் வெளிச்சம். பிறகு தன்மேல் அருவருப்போ குற்ற உணர்வோ மனச்சோர்வோ வருவது: சீற்றுக்குக் கீழே ஒளித்த தாள். அதோடு இது உமக்கு மனவேதனையாக இருக்க வேண்டும். சராசரியாக வாரத்தில் ஒரு முறையாவது, மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும். கைநூலின் கணக்கில் வாரத்துக்கு ஒன்று முதல் மூன்று என்றால் இலேசான நிலை, பதினாலோ அதற்கு மேலோ என்றால் அதிதீவிரம். "இலேசான" என்ற சொல்லைப் பார்த்து, அப்படியென்றால் சமாளிக்கலாம் என்று இருந்துவிடாதேயும். உமது வேதனை எவ்வளவு என்று பார்த்து டொக்டர் அதை உயர்த்தவும் முடியும்.

இந்த அளவுகோலில் நிறை எங்குமே இல்லை, கவனித்தீரா? குண்டாக இருப்பவருக்குத்தான் வரும் என்பது தவறு. மெல்லிய பிள்ளைகளையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களை ஒருவரும் கேட்பதில்லை, அதனால் இன்னும் பிந்தித்தான் வருவார்கள்.

ஒரு இடத்தில் நிற்க வேண்டும். வாந்தி இல்லை, பேதி மருந்து இல்லை என்றீர், நல்லது. ஆனால் மறுநாள் காலைச் சாப்பாட்டை விடுகிறேன் என்பதை "அவ்வளவுதான்" என்று தாண்டிப் போய்விட்டீர். சாப்பிட்டதைச் சரிக்கட்டுவதற்காகப் பட்டினி கிடப்பது வழக்கமாகிவிட்டால், அது புலிமியா என்ற வேறு பெயரின் பக்கம் போகும். எது என்று பிரிப்பது டொக்டரின் வேலை. ஆனால் நீர் சொன்னால்தானே அவர் பிரிப்பார்? எத்தனை நேரச் சாப்பாடு விட்டீர், ஏன் விட்டீர் என்று ஒளிக்காமல் சொல்லும்.

இரத்தத்தில் தெரியுமா என்று கேட்டீர். தெரியாது. கதைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரத்தம் எடுப்பது வேறு காரணங்களை விலக்க, அல்லது இதனால் உடம்புக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்க. எங்கள் கிளினிக்குக்கு ஒரு ஐயாவை மனைவி கூட்டி வந்தா. இரவு இரண்டு மணிக்கு எழும்பிச் சீனிப் போத்தலுக்குள் கரண்டி விட்டு அள்ளுகிறார், மூளை பிசகிவிட்டது என்று அழுதா. டொக்டர் குளிசைப் பையைக் கொட்டிப் பார்த்தார். ஐயா சலரோகக் குளிசையைப் போட்டுவிட்டு, சுகர் கூடும் என்று பயந்து சாப்பிடாமல் படுக்கிறார். சாமத்தில் சீனி விழுகிறது, உடம்பு எழுப்பிச் சாப்பிட வைக்கிறது. மனவருத்தமே இல்லை. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசைகளும், ஒலன்சபின் போன்ற மனநல மருந்துகளும் பசியைக் கூட்டும். ஆகவே போகும்போது நீர் எடுக்கும் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போம்.

சரி, காரணம். ஒற்றைக் காரணம் இல்லை. குடும்பத்தில் ஓடும், பரம்பரைக்கும் பங்கு உண்டு. மனச்சோர்வும் பதகளிப்பும் கூடவே வரும். பிரிவு, இழப்பு, சின்ன வயதில் பட்டவை, உடம்பைப் பற்றி வீட்டார் அடித்த பகிடி, எல்லாம் சேர்மானம். இதில் கன பேர் நம்பாத ஒன்று, பட்டினி. 1944 கடைசியில் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் 36 ஆண்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். உடலும் மனமும் நல்ல நிலையில் இருந்த, தாங்களாக முன்வந்த ஆட்கள். ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு, உடம்பில் காற்பங்கு நிறை குறைந்தது. நாள் முழுக்கச் சாப்பாட்டுக் கதை, சாப்பாட்டுக் கனவு. பிறகு சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தபோது சிலருக்கு நிறுத்தத் தெரியவில்லை. வயிறு முட்டியும் பசி அடங்கவில்லை என்றார்கள். அவர்கள் ஒருவரும் பெருந்தீனிக்காரர் இல்லை, உடம்பை அந்த நிலைக்குக் கொண்டுபோனது பட்டினி.

உமது செவ்வாய்க்கிழமையில் காலை ஏழு தொடக்கம் மாலை ஐந்து வரை உடம்புக்கு என்ன கிடைத்தது? ஒரு முட்டை. அதைப் பார்த்துத்தான் அந்த அக்கா உம்மை மெச்சினா. இரவில் நடந்தது பகலிலேயே தொடங்கிவிட்டது பிள்ளை. அதனால்தான் ஆறு நாள் விரதம் வேண்டாம் என்றேன்.

95ஐக் கேட்டீர். எண்ணிக் கொடுத்த பிஸ்கற் ஒரு பிள்ளையின் மனதில் கிடக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். சாப்பாடு நிச்சயமில்லாத வீடுகளில் இந்த வருத்தம் கூடக் காணப்படுகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த வகுப்பறையில் இருந்த எல்லாருக்கும் இது வரவில்லை. முழுப்பழியையும் அதில் போட்டுவிட்டால் இன்றைக்கு மாற்றக்கூடியது கண்ணுக்குப் படாமல் போகும். தம்பியின் பிஸ்கற்றை எடுத்தது களவு இல்லை. ஒன்பது வயதுப் பசி அது.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காசு இல்லை. நேரே போகப் பயமாக இருந்தால் 1926க்கு அடித்துக் கதைத்துப் பாரும், தேசிய மனநல உதவி இலக்கம். கிளினிக் வரிசையில் தெரிந்தவர் கண்டால் என்ன செய்வது என்று யோசிப்பீர். அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் தன்னை யாரும் காணக்கூடாது என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்.

ஓட்டோ அண்ணை எழுதியது:

தங்கச்சி, பொம்பிளையளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நான் சவாரி முடித்து, இரவு பத்தரைக்குக் கொத்துரொட்டிப் பார்சல் மூன்று வாங்கி, மழைத் திரையை இறக்கிவிட்டு, ஓட்டோவுக்குள் இருந்து முடித்துவிட்டு வீட்டை போவேன். வீட்டில் மனிசி போட்டுத் தருவதையும் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் பிடிபட்டுவிடுவேன். என்னை ஒருவரும் வருத்தக்காரன் என்று சொல்லவில்லை. "நல்லாச் சாப்பிடுற மனுசன்" என்று மாமியார் புழுகுவா.

நான் 2009இல் வன்னியில் கடைசிவரை நின்றவன், பிறகு செட்டிகுளம் முகாம். இது அதன் மிச்சம், மாறாது என்று இருந்தேன். பிரஷர் பார்க்கப்போன இடத்தில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை முதலில் கேட்டது, "காலையில் என்ன சாப்பிட்டீங்கள்?" அஞ்சு மணிக்கு ஒரு ரீ, அவ்வளவுதான் என்றேன். மத்தியானம்? சவாரி. அவ பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. முகாமைப் பற்றியும் கேட்டா, ஆனால் மூன்றாவது தரம் போனபோதுதான். இப்போது ஸ்ராண்டில் ஏழரைக்குப் பாணும் சம்பலும். கொத்து முற்றாக விடுபடவில்லை, மாதத்தில் இரண்டு நாள் வரும்.

பழைய நேர்ஸ் எழுதியது:

நன்றி தம்பி. அமெரிக்காவில் 2007இல் வந்த பெரிய ஆய்வில், வாழ்நாளில் இது வருவது பெண்களில் நூற்றுக்கு 3.5, ஆண்களில் நூற்றுக்கு 2 என்று கண்டார்கள். ஆண்கள் அவ்வளவு பேர் இருந்தும் கிளினிக்குக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். மாமியாரின் புழுகுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கோண்டாவில் பிள்ளை எழுதியது:

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன். போனேன். ஒரு 40 பக்கக் கொப்பியில் இரண்டு கிழமைக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொண்டு போனேன்: நேரம், என்ன சாப்பிட்டது, பசி இருந்ததா, அப்போது மனம் எப்படி இருந்தது. கணக்கு எழுதுகிற கை, அதனால் கோடு போட்டு வடிவாகவே எழுதியிருந்தேன். டொக்டர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு அரை மணித்தியாலத்துக்கு மேல் கேள்வி கேட்டார். சாக வேண்டும் என்று நினைத்தது உண்டா என்றுகூடக் கேட்டார். சாப்பாட்டுக்குப் போன இடத்தில் அதைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டபோது அழுதுவிட்டேன்.

பட்டினி கிடந்த நாள்களைக் கொப்பியில் எண்ணிப் பார்த்தார். சாப்பாட்டை விடுவது நிறை குறைக்கவா, முதல் நாள் சாப்பிட்டதைச் சரிக்கட்டவா என்று இரண்டு மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில், இப்போதைக்குப் பிஞ்ச் ஈட்டிங் என்றே எடுக்கிறேன், அந்தப் பட்டினியை மட்டும் தொடர்ந்து கவனிப்போம் என்றார். அதோடு மனச்சோர்வும் இருக்கிறது என்றார். சுகரைத் திரும்பப் பார்க்கத் துண்டு தந்தார். டயற் தாளை வாங்கி மடித்துத் தன் லாச்சிக்குள் போட்டுவிட்டார். மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் கதைக்க வர வேண்டும்.

முதல் கிழமை காலையில் ஐந்து இடியப்பத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இப்போது கிழமைக்கு ஒரு இரவு நடக்கிறது. போன வெள்ளி நடந்தது, அப்பாவின் மாசியம் அன்று.

இப்போது வேறு சிக்கல். கந்தசஷ்டி தொடங்கப்போகிறது. நான் பதினாறு வயதிலிருந்து அம்மாவோடு சேர்ந்து பிடிக்கிறேன். இந்த வருஷம் மாட்டேன் என்றால், அப்பா செத்த வருஷத்தில் விரதத்தை விட்டாள் என்று ஊரெல்லாம் கதை வரும். டொக்டர் வேண்டாம் என்றுதான் சொல்கிறார். அம்மாவிடம் என்னவென்று சொல்வது?

பழைய நேர்ஸ் எழுதியது:

சுகர் கரையில் நிற்கிறது, டொக்டர் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னவர் என்று சொல்லும். இரண்டும் உண்மை. கோயிலுக்கு ஆறு நாளும் அம்மாவோடு போம், சூரன்போரும் பாரும், வீட்டுக்கு வந்து இடியப்பத்தைச் சாப்பிடும். மிச்சக் கதையை அம்மாவுக்கு எப்போது சொல்வது என்பதை டொக்டரோடு கதைத்து ஆறுதலாக முடிவெடுக்கலாம். அதுவரை இந்தப் பாதி உண்மை பாவம் என்றால், முருகன் அதை என் கணக்கில் எழுதட்டும்.